மூன்றாவது ஜாடி

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தவன்தான். படத்தைப் பார்க்கிற வரைக்கும். படம் இருக்கிறது. எடுத்த தேதி இருக்கிறது. மணி, நிமிஷம், நொடி எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. யார் எடுத்தது என்பது மட்டும்தான் இல்லை.

ராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல். போன வருஷம் அக்டோபர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டேகாலுக்கு மேல். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடி. கீழே பெண்ணாடம் பஸ்ஸுகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற நேரம்.

சிவசங்கரிக்கு முப்பத்தோரு வயது. முன்பெல்லாம் கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்த பிறகு அந்த அலைச்சல் அவளுக்கு ஒத்துவரவில்லை. அதனால் இந்த மாடி அறையைப் பிடித்து, பொருள்களைப் படமெடுக்கிற ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டாள். செராமிக் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறவர்கள் இப்போது பொம்மை, அகல் விளக்கு, கப்பு, ஜாடி எல்லாவற்றையும் ஆன்லைனில்தான் விற்கிறார்கள். படம் பளிச்சென்று இருந்தால்தான் ஆர்டர் விழும்.

அன்றைக்கு வந்தவர் கார்முகில். நாற்பது வயது இருக்கும். தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை. மூடி போட்ட கறுப்பு ஊறுகாய் ஜாடி ஆறு கொண்டுவந்திருந்தார். ஆறும் ஒரே அச்சு, ஒரே அளவு.

"சங்கரி, நாளைக்குக் காலையில தீவாளி சேல் ஆரம்பிக்குது. இன்னைக்கி ஆறு மணிக்குள்ள படத்த ஏத்தியாவணும். இது நல்லா வந்துச்சின்னா இன்னும் எட்டு பட்டறைக்காரங்கள உங்கிட்ட அனுப்புறேன்."

எட்டுப் பட்டறை. அவளுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள்.

அறை எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சுவரோரம் மேஜை. அதன்மேல் ஜாடி. எதிரே ஸ்டாண்டில் கேமரா. இடது பக்கச் சுவரில் நாற்பத்து மூன்று இஞ்ச் டிவி. கேமராவிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர், லேப்டாப்பிலிருந்து டிவிக்கு ஒரு ஒயர். கையிலிருக்கிற ரிமோட்டை அமுக்கினால் 'க்ளிக்' என்று கேமரா சத்தம். இரண்டே நொடியில் லேப்டாப் 'டிங்' என்னும். படம் டிவியில் பெரிதாக வந்து நிற்கும். கேமராவின் சின்ன ஸ்கிரீனில் தெரியாத தூசி, கீறல், கைரேகை எல்லாம் அதில் தெரிந்துவிடும். வேலை கொடுத்தவர்களும் நாற்காலியில் உட்கார்ந்து அங்கேயே பார்த்துச் சரி சொல்லிவிடலாம்.

வலது பக்கம் கதவு. பின்சுவரில் ஜன்னல், கறுப்புத் துணி போட்டு மூடியது. ஜன்னலுக்குக் கீழே பாய். பாயில் அவள் மகள் தமிழினி தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு வயது. எல்.கே.ஜி. பன்னிரண்டரைக்கு விட்டுவிடும். அவள் அப்பா திலீபன் வேலை முடிந்து வர ஏழு மணி ஆகும். அதனால் தினமும் பாப்பாவின் மத்தியானத் தூக்கம் ஸ்டுடியோவில்தான்.

முதல் ஜாடி 2.18. இரண்டாவது 2.30. சிக்கல் இல்லை. கறுப்புப் பளபளப்பு என்பதால் எதிரே இருக்கிற அறை முழுவதும் ஜாடியின் வயிற்றில் வளைந்து தெரிந்தது. விளக்கு, ஸ்டாண்டு, நாற்காலி, கதவு, பாய். கண்ணாடி மாதிரி. அதெல்லாம் வழக்கம்தான். பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம்.

மூன்றாவது ஜாடியைக் கார்முகிலே எடுத்து வைத்தார். "இதுதான் இருக்கறதுலயே நல்ல ஷைனிங்கு. இதையே மெயின் படமா போட்டுடலாம்."

மணி 2.41.

க்ளிக். டிங்.

டிவியில் ஜாடி நின்றது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன் வலது ஓரத்தில், கதவு தெரிகிற இடத்தில், நீளமாக ஒரு கோடு. வெளிறிய கோடு.

சிவசங்கரி துணியால் ஜாடியைத் துடைத்தாள். மறுபடி எடுத்தாள். கோடு போகவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள்.

கோடு இல்லை. ஆள்.

யாரோ கதவோரம் நிற்கிறார்கள். அவள் சட்டென்று திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

"நாந்தான் தெரியுறேன் போல," என்றார் கார்முகில். நாற்காலியை இழுத்து டிவி பக்கமாகப் போட்டுக்கொண்டார். "இப்ப எடு."

2.44. க்ளிக். டிங்.

இப்போது ஜாடியின் இடது பக்கம் கார்முகில் தெரிந்தார். நீலச் சட்டை, கையில் செல்போன், எல்லாம் சரியாக.

அவருடைய நாற்காலிக்குப் பின்னால் அந்த ஆள்.

கதவோரம் இல்லை. நாற்காலிக்குப் பின்னால்.

இந்த முறை இன்னும் தெளிவாக இருந்தது. பொம்பளை. வெளிறிய புடவை. முடியை விரித்துவிட்டிருந்தாள், தலைக்கு ஊற்றிக்கொண்டு காயவைக்கிற மாதிரி. முகம் மட்டும் கலங்கலாக இருந்தது.

கார்முகில் மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். சுவர். சுவரில் மாதக் காலண்டர். வேறு எதுவும் இல்லை.

"என்னம்மா இது?"

"தெரியலண்ணே."

"ஏற்கனவே எடுத்த கல்யாணப் படம் ஏதாவது கலந்துடுச்சா?"

"அப்படியெல்லாம் கலக்காதுண்ணே."

ஆனாலும் கேமராவில்தான் கோளாறு என்றே அவள் நினைக்கப் பார்த்தாள். மூன்றாவதை எடுத்துவிட்டு நான்காவது ஜாடியை வைத்தாள். 2.47. க்ளிக். டிங். சுத்தமாக இருந்தது. விளக்கு, கதவு, நாற்காலி, பாய். அவ்வளவுதான். ஐந்தாவதை வைத்தாள். அதுவும் சுத்தம்.

அப்படியென்றால் கேமராவில் கோளாறு இல்லை.

மூன்றாவது ஜாடியை மறுபடி வைக்க அவளுக்குக் கை வரவில்லை. "அண்ணே, அஞ்சாவதையே மெயின் படமா போட்டுக்கலாமே," என்றாள்.

கார்முகில் டிவியில் ஐந்தாவது ஜாடியைக் காட்டினார். "அதுல புள்ளி புள்ளியா கெடக்குது பாரு. புது லாட்டு பூராவும் அப்படித்தான் வந்துருக்குது. மூணாவது ஒண்ணுதான் சரியா இருக்குது. ஒரே ஒரு படம்மா. குறுக்க துணி கட்டி எடேன்."

பளபளக்கிற பொருளை எடுக்கும்போது அப்படிச் செய்வது உண்டு. ஜாடிக்கும் கேமராவுக்கும் நடுவில் பெரிய கறுப்புத் துணியைக் குறுக்கே கட்டுவார்கள். நடுவில் லென்ஸ் மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். கதவு, நாற்காலி, ஆள் எல்லாம் துணிக்குப் பின்னால் போய்விடும். ஜாடிக்குத் தெரிவது கறுப்பு மட்டும்தான்.

கட்டினாள். ஃபேனை அணைத்தாள். துணி அசையக் கூடாது. அறை புழுங்கியது. தமிழினி பாயில் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

2.53.

க்ளிக்.

டிங்.

டிவியில் ஜாடி கறுகறுவென்று நின்றது. கதவு இல்லை. நாற்காலி இல்லை. ஆள் இல்லை.

"அப்பாடா," என்றார் கார்முகில்.

சிவசங்கரி வழக்கப்படி படத்தைப் பெரிதாக்கினாள். தூசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தாள். லென்ஸ் நுழைகிற கிழிசல் ஜாடியின் வயிற்றில் சின்ன வட்டமாகத் தெரிந்தது.

அந்த வட்டத்தின் பக்கத்தில் நாலு விரல்.

துணியின் இந்தப் பக்கம். ஜாடி இருக்கிற பக்கம்.

விரலுக்கு மேலே முடி... முதுகு வழியாகத் தொங்குகிற முடி. அவள் ஜாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கிழிசலை விரலால் விலக்கி... அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறாள்.

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

பாய் இருக்கிறது.

சிவசங்கரி துணியைப் பிடித்து இழுத்தாள். கம்பியோடு பிய்ந்து விழுந்தது. மேஜை. ஜாடி. வேறு யாரும் இல்லை. விழுந்த கம்பி கேமரா ஸ்டாண்டில் தட்டியது. அவள் கையிலிருந்த ரிமோட் தானாக அமுங்கிவிட்டது.

க்ளிக்.

டிங்.

2.56.

அவள் டிவியைப் பார்க்கவில்லை. கார்முகில்தான் பார்த்தார். பார்த்தவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சங்கரி... புள்ளய தூக்கு."

அப்போதுதான் பார்த்தாள். ஜாடியில் பாய் தெரிந்தது. பாயில் தமிழினி. அவள் பக்கத்தில், ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, அம்மா உட்காருகிற மாதிரி அந்தப் பொம்பளை உட்கார்ந்திருந்தாள். ஒரு கை குழந்தையின் முதுகில் இருந்தது.

மூன்று எட்டில் சிவசங்கரி பாய்க்குப் போய்விட்டாள். குழந்தை தனியாகத்தான் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. நெற்றியில் விழுகிற முடியை யாரோ காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

அள்ளித் தோளில் போட்டாள்.

குழந்தை தூக்கத்திலேயே சிணுங்கியது. "நிறுத்தாத... தட்டு..."

"யாருடி தட்டுனா?"

குழந்தை மறுபடி தூங்கிவிட்டது.

"போதும்ணே. ஜாடிய எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு இந்த வேலையே வேணாம்."

அவர் மேஜைப் பக்கமே போகவில்லை. சிவசங்கரி ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கேமராவை அணைத்தாள். ஒயரைப் பிடுங்கினாள். பேட்டரியையும் உருவி மேஜையில் வைத்தாள். நிச்சயமாக உருவினேன் என்று என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

டிவியில் அந்தக் கடைசிப் படம் அப்படியே நின்றது. அதை அழித்துவிட வேண்டும் என்று லேப்டாப் பக்கம் திரும்பினாள். கார்முகிலும் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் டிவியைப் பார்த்தபடி...

டிங்.

க்ளிக் இல்லை. வெறும் டிங்.

டிவியில் புதுப் படம்.

3.02.

படம் முழுவதும் வளைந்திருந்தது. ஜாடி இல்லை. இந்த அறைதான். கேமரா ஸ்டாண்டு, கீழே விழுந்த துணி, காலிப் பாய். இடது பக்கம் நீலச் சட்டை. கார்முகில். பக்கத்தில் சிவசங்கரி. இரண்டு பேரும் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறார்கள். இதோ, இப்போது நிற்கிற மாதிரியே.

அந்தப் பொம்பளை எங்கே என்று இரண்டு பேரும் தேடினார்கள். மூலை மூலையாகத் தேடினார்கள். கதவோரம் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் இல்லை. பாயில் இல்லை.

படத்தில் அவள் இல்லவே இல்லை.

பிறகுதான் சிவசங்கரிக்கு உறைத்தது. இந்தப் படம் எங்கிருந்து எடுத்தது?

மேஜையிலிருந்து. ஜாடி இருக்கிற இடத்திலிருந்து.

படத்தில் தமிழினியின் முகம் மட்டும் நேராகத் தெரிந்தது. அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் திறந்து, எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு கை தூக்கியிருக்கிறது.

அந்த நொடியில் சிவசங்கரி தன் முதுகுப் பக்கம் ஏதோ அசைவதை உணர்ந்தாள்.

குழந்தையின் கை.

மேஜைப் பக்கம் பார்த்து... டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.

*

கார்முகில் ஜாடியைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் அழித்து அழித்து வேலை செய்து, ஐந்தாவது ஜாடியின் படத்தையே மெயின் படமாக ஆறு மணிக்குள் ஏற்றிவிட்டார்கள். சிவசங்கரி அன்றிலிருந்து குழந்தையை ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை. நல்லூரிலிருந்து அவள் அம்மா வந்து வீட்டில் பார்த்துக்கொள்கிறார். கேமரா கார்டில் 2.56 வரைக்கும்தான் படம் இருந்தது. 3.02 படம் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. எந்தக் கேமரா என்று காட்டுகிற இடம் காலியாக இருந்தது.

நவம்பர் இருபத்தொன்றாம் தேதி கார்முகில் மறுபடி ஸ்டுடியோவுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இளைத்துப் போயிருந்தார்.

"அன்னிக்கே உங்கிட்ட சொல்லியிருக்கணும். அந்த மூணாவது ஜாடி புதுசு இல்ல. ரிட்டர்ன் வந்தது."

ஓசூரிலிருந்து ஒருத்தர் இரண்டு ஜாடி வாங்கியிருக்கிறார். ஒன்றை வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஷூட்டிங்குக்கு முந்தின நாள் அது பட்டறைக்கு வந்து சேர்ந்தது. நல்ல பளபளப்பாக இருந்ததால், கழுவி வைத்திருந்ததை எடுத்துக் கொண்டுவந்துவிட்டார். அதை ஒரு தப்பாகவே அவர் நினைக்கவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் அந்த ஓசூர்க்காரர் போன் பண்ணியிருக்கிறார். அழுதுகொண்டே பேசியிருக்கிறார்.

"அண்ணே, அந்த ஜாடிய தூக்கிப் போட்டுடாதீங்க. அதுல எங்க அக்கா இருக்காங்க."

அக்கா செப்டம்பரில் தவறிவிட்டாள். வயது இருபத்தொன்பது. புருஷன் துபாயில். லீவு கிடைத்து வந்ததும் கடலில் கரைக்கலாம் என்று அஸ்தியை ஒரு ஜாடியில் போட்டு மூடி, மொட்டை மாடி அறையில் வைத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்ப வேண்டிய காலி ஜாடியும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. கூரியர்காரன் வந்தபோது யாரோ அவசரத்தில் ஜாடியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புருஷன் வந்து, கடற்கரைக்குப் போய், ஐயர் மந்திரம் சொல்லி, மூடியைத் திறந்தால்... காலி.

ஓசூர்க்காரர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு குழந்தை கேட்டதாம். "மாமா, அம்மாவ எப்ப அனுப்புவாங்களாம்?"

கார்முகில் பட்டறைக்கு ஓடியிருக்கிறார். ரிட்டர்ன் வருவதைப் பிரித்துக் கழுவி வைக்கிறவள் பூவாயி. கருவேப்பிலங்குறிச்சிக்காரி, இருபது வருஷமாக அங்கே வேலை.

"ஆமா தம்பி, உள்ள பொடியா இருந்துச்சி. மண்ணு பட்டறையில பொடி இல்லாம என்னா இருக்கும்? காஞ்ச மண்ணுன்னு நெனச்சேன். சுண்ணாம்புக் கல்லாட்டம் ரெண்டு மூணு கெடந்துச்சி. மண்ண வீணாக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க?"

கழுவின தண்ணீர் களிமண் தொட்டிக்குப் போனது. தொட்டி மண் அரைக்கிற டிரம்முக்குப் போனது. அரைத்த மண் அச்சுக்குப் போனது. காய்ந்து, பளபளப்புப் பூசி, சூளையில் வெந்து வெளியே வந்தது.

எண்பத்து நாலு ஜாடி.

கார்முகில் தொட்டியின் அடியில் மிச்சமிருந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வெயிலில் காயவைத்தார். அதே மூன்றாவது ஜாடியில் போட்டு, மூடி, ஓசூருக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த மண்ணிலும் அந்த அக்கா இருக்கிறாள்தானே என்று சிவசங்கரியிடம் கேட்டார். சிவசங்கரி வேறொன்றைக் கேட்டாள்.

"அந்த எம்பத்தி நாலு?"

"எல்லாம் போயிடுச்சும்மா. திருச்சி, சேலம், மெட்ராஸ்... எங்கெங்கயோ. யார்ட்ட போய் என்னன்னு கேக்குறது?"

அவர் போன பிறகு சிவசங்கரி செல்போனில் அந்த ஜாடி விற்கிற பக்கத்தைத் திறந்தாள். அவள் எடுத்த படம்தான் மேலே இருந்தது. கீழே வாங்கினவர்கள் எழுதியிருந்தார்கள். முதல் ஆள் ஐந்து ஸ்டார் போட்டு, வீட்டில் எடுத்த ஒரு படமும் சேர்த்திருந்தார். கட்டில். தலையணை. தலையணை ஓரத்தில் கறுப்பு ஜாடி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எழுதியிருந்ததை மட்டும் படித்தாள்.

'ஊறுகாய் போடத்தான் வாங்கினோம். எங்க பாப்பா கொடுக்கவே மாட்டேங்கறா. ராத்திரியெல்லாம் இதுகிட்ட ஏதோ பேசிக்கிட்டே இருக்கா. இப்பல்லாம் நாங்க தட்டாமலே தூங்கிடறா.'